ஒளியை விழுங்கும் சிலிக்கன்: சாந்திபுரம் கூரைகள் எழுப்பும் கேள்வி

புது தில்லி: தமிழக, கர்நாடக எல்லைகளை ஒட்டி அமைந்த ஆந்திரத்தின் குப்பம் பேரவைத் தொகுதியில், சாந்திபுரம் மண்டலத்தைச் சேர்ந்த சிற்றூர் நடிமூரு. வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல்களை அமைக்கும் முன்னோடித் திட்டத்தை முதல்வர் சந்திரபாபு நாயுடு 2025 ஜனவரியில் தொடங்கிவைத்தது இங்குதான்.

இத்திட்டத்தின் வேர் தில்லியில் உள்ளது. ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைமேல் சூரிய மின்சாரம் என்ற இலக்குடன், ரூ. 75,021 கோடி மதிப்பிலான திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது. இதன்படி 3 கிலோவாட் அமைப்புக்கு அதிகபட்சமாக ரூ. 78,000 மானியம் கிடைக்கும். பட்டியலின, பழங்குடியினர் வீடுகளில் 2 கிலோவாட் வரை இலவசமாக அமைத்துத் தருவதாக ஆந்திர அரசு அறிவித்தது.

கூரை சிறிது: ஏழையின் கூரை பெரிதல்ல என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. அதில் 15 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும் பேனல் என்றால், 2 கிலோவாட்டுக்கு 13 சதுர மீட்டருக்கு மேல் இடம் தேவை. 22 சதவீதத்தை மாற்றும் பேனலுக்கோ ஏறத்தாழ 9 சதுர மீட்டர் போதும். ஆக, வெயிலை வீணாக்காத மின்கலம் என்பது ஆய்வுக்கூட ஆர்வம் மட்டுமல்ல. சிறு வீட்டுக்காரரின் தேவையும்கூட.

மெருகேற்றிய சிலிக்கன் கண்ணாடிபோலப் பளபளக்கும். தன்மீது விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக அது திருப்பியனுப்பிவிடும். இதைத் தடுக்கவே, மின்கல ஆலைகளில் சிலிக்கன் தகட்டின் மேற்பரப்பை ரசாயனத்தால் அரித்து, மைக்ரான் அளவுள்ள பிரமிடு மேடுகளை உருவாக்குகின்றனர். ஒரு மேட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளி, பக்கத்து மேட்டில் விழுந்து உள்ளே நுழைகிறது. அதன்மேல் எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சும் இடப்படுகிறது.

கருமையின் ரகசியம்: நானோ அமைப்பு இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய ஊசிகளும் குழிகளும் நிறைந்த பரப்பில், காற்று எங்கே முடிகிறது, சிலிக்கன் எங்கே தொடங்குகிறது என்பது ஒளிக்குத் தெரியாது. எல்லை தெளிவாக இல்லாததால் எதிரொளிப்பும் பெருமளவு மறைகிறது. அந்திப்பூச்சியின் கண் இருளில் பளிச்சிடாததற்கும் இதுவே காரணம். ஒளி முழுவதையும் விழுங்குவதால் கண்ணுக்குக் கரியாகத் தெரியும் இப்பொருளுக்குக் கருப்புச் சிலிக்கன் என்று பெயர். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் ஒளியையும் இது தவறவிடுவதில்லை.

எளிதில் உள்வாங்கப்படாத அகச்சிவப்பு ஒளியை, உள்ளேயே பலமுறை அலையவிட்டுப் பிடிக்கவும் இத்தகைய அமைப்புகள் உதவும். அவ்வாறெனில் மெல்லிய தகடே போதும்; சிலிக்கன் செலவும் குறையும்.

தடையும் உண்டு. ஊசிகள் பெருகினால் மேற்பரப்பும் பெருகும். ஒளி உருவாக்கிய மின்னூட்டங்கள் அங்கேயே சிக்கி அழியும். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்சிலோனா ஆய்வாளர்களுடன் இணைந்து, அலுமினியம் ஆக்சைடு மென்படலத்தால் இக்குறையைக் களைந்தனர். அவர்களது கருப்புச் சிலிக்கன் மின்கலம் 22.1 சதவீதத் திறனை எட்டியதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது.

ஆலை இங்கே, அறிவு எங்கே?: மத்திய அரசின் மானியம் பெறும் பேனலும் அதிலுள்ள மின்கலமும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்பது விதி. சிலிக்கன் தகட்டின் மேற்பரப்பை அரிப்பது மின்கலத் தயாரிப்பின் முதற்படி. எனவே, ஒளியைப் பிடிக்கும் கலை இந்திய ஆலைக்குள்தான் நிகழ்ந்தாக வேண்டும். ஆனால் தகடும் இயந்திரமும் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வந்துள்ளன. சூரிய மின் பலகைத் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கும் அதிகம் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் சுட்டிக்காட்டியது.

இத்தனைக்கும் நாம் தாமதமாகத் தொடங்கியவர்கள் அல்லர். தில்லியை ஒட்டிய சாகிபாபாதில் உள்ள பொதுத் துறை நிறுவனமான சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ், 1977-லேயே நாட்டின் முதல் சூரிய மின்கலத்தை உருவாக்கியது. அதே நிறுவனத்தை ரூ. 210 கோடிக்குத் தனியாருக்கு விற்க 2021-இல் ஒப்புதல் அளித்த மத்திய அரசு, எதிர்ப்புக்குப் பின் 2022-இல் அம்முடிவைக் கைவிட்டது. முன்னோடியை நாம் நடத்திய விதம் இது.

வாய்ப்பு இன்னும் கைநழுவவில்லை. திருப்பதி ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் மென்படல மின்கல ஆய்வுக்கு நெடிய மரபு உண்டு. 2015-இல் ஐஐடி-யும், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் அந்நகருக்கு வந்தன. திருப்பதி மாவட்டத்தின் நாயுடுபேட்டையை மின்கல ஆலைக்காகத் தேர்ந்தெடுத்துள்ளது பிரீமியர் எனர்ஜீஸ் நிறுவனம். ஆய்வுக்கூடமும் ஆலையும் ஒரே வட்டாரத்தில் அமைவது அரிது.

கூரைக்குத் தரப்படும் மானியத்தில் ஒரு சிறு பங்கேனும் இவ்விரண்டையும் இணைக்கும் ஆராய்ச்சிக்குச் செல்ல வேண்டும். இல்லையேல், சாந்திபுரத்தின் வெயில் நம்முடையதாக இருக்கும். அதைப் பிடிக்கும் வித்தை மட்டும் என்றும் இறக்குமதியாகவே இருக்கும்.