அடிச்சட்டம் ஒன்று, முத்திரை இரண்டு

சித்திரை உற்சவத்தின்போது வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலுக்கு வந்து முல்லையாற்றங்கரையில் நிற்கும் மோட்டார்களைப் பார்ப்பவர், கம்பெனிக்கொரு முத்திரையும் வண்டிக்கொரு முகமும் கண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே பிறந்ததென்றே எண்ணுவார். உண்மை அதுவன்று. தேரின் அடிப்பீடமும் சக்கரங்களும் அப்படியே இருக்க, மேலே கட்டும் சீலையும் தோரணமும் மாறுவதுபோல, இக்காலத்து மோட்டார்கள் பலவற்றில் அடிச்சட்டமும் யந்திரமும் பொதுவானவை. மேலுடை மாத்திரமே வேறு.

தூரதேசத்து உதாரணம் வேண்டாம். சென்னைக்கருகே ஒரகடத்தில் ரெனோ, நிஸ்ஸான் என்னும் பிரெஞ்சு, ஜப்பானியக் கம்பெனிகள் 2010-இல் கூட்டாக ஓர் ஆலையைத் திறந்தன. 2015-இல் அங்கிருந்து ரெனோ க்விட் வெளிவந்தது. மறு வருஷமே டாட்ஸன் முத்திரையுடன் ரெடி-கோ வந்தது. இரண்டுக்கும் அடிச்சட்டம் ஒன்றே, 800 சி.சி. யந்திரமும் ஒன்றே. (டாட்ஸன் முத்திரை 2022-இல் நம் நாட்டிலிருந்து மறைந்தது.)

இதில் குற்றமென்ன என்று கேட்கலாம். குற்றமில்லை. புதிதாக ஓர் அடிச்சட்டத்தை வரைந்து, அச்சுகள் செய்து, பரீட்சித்து முடிப்பதற்குப் பெரும்பொருள் செலவாகிறது. அதை இரண்டு மூன்று வண்டிகள் பகிர்ந்துகொண்டால் விலை இறங்கும். சிக்கனத்தை நாம் பழிக்கவில்லை.

ஆனால் சிக்கனம் எவ்விடத்தில் செய்யப்படுகிறது? 2016-இல் குளோபல் என்கேப் ஸ்தாபனம் நடத்திய மோதற்பரீட்சையில், பெரியவர்களின் பாதுகாப்புக்காக க்விட்டுக்கு ஒரு நட்சத்திரமும் கிட்டவில்லை. திருத்தியபின் ஒன்று கிட்டியது. 2019-இல் ரெடி-கோவுக்குக் கிட்டியதும் ஒன்றே. அதே க்விட்டைப் பிரேஸிலில் செய்தபோது, உடலை வலுப்படுத்தி, நான்கு காற்றுப்பைகளும் வைத்தார்கள். 2017-இல் லத்தீன் என்கேப் அதற்கு மூன்று நட்சத்திரங்கள் அளித்தது. பெயர் ஒன்று, அடிச்சட்டம் ஒன்று. இரும்பின் கனம் மட்டும் தேசத்துக்குத் தேசம் வேறு! பிரேஸில் வாசியின் உயிருக்கு ஒரு மதிப்பு, கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விற்ற பணத்தில் வண்டி வாங்குபவனின் உயிருக்கு வேறொரு மதிப்பா? குறைந்த விலையையே இந்தியன் விரும்புகிறான் என்று கம்பெனிகள் சமாதானம் கூறக்கூடும். எதைக் குறைத்து விலையைக் குறைத்தார்கள் என்று அவனிடம் யாரேனும் சொன்னதுண்டா?

2023-இல் நமது சர்க்கார் பாரத் என்கேப் பரீட்சையைத் தொடங்கியது நல்ல காரியம். ஆயினும் அதனைக் கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விட்டே தொடங்கினார்கள். அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு வண்டியின் அடிச்சட்டம் வேறு எந்த வண்டியினுடையது, வெளிநாட்டில் விற்கும் அவ்வண்டியில் இருந்து இங்கே நீக்கப்பட்டவை எவை என்பதைத் தேனியிலுள்ள விற்பனைச்சாலையிலும் விலைப்பலகைக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதிவைக்கச் சட்டம் செய்யவேண்டும்.