விஸ்லரின் வெள்ளுடைப் பெண்

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில், வெள்ளை உடையில் செந்நிறக் கூந்தலை விரித்து நிற்கும் ஒரு பெண்ணின் ஓவியம் உண்டு. ஜேம்ஸ் விஸ்லர் 1861-62இல் தீட்டியது. லண்டன் ராயல் அகாடமி ஏற்க மறுத்த அது, 1863இல் பாரிஸில் நிராகரிக்கப்பட்டோர் கண்காட்சியில் பெரும் பேச்சைக் கிளப்பியது. அதில் நிற்பவர் அயர்லாந்துப் பெண் ஜோஆனா ஹிஃபர்னன். கலை வரலாறு அவரை நெடுங்காலம் அழகி, காதலி என்றே குறித்துவந்தது. ஆவணங்களோ அவரைப் பொறுப்புமிக்க நிர்வாகியாகவும் காட்டுகின்றன. 1866இல் சிலிக்குப் புறப்படுமுன் விஸ்லர், தன் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரப் பத்திரத்தை அவருக்கே எழுதிக்கொடுத்தார். உயிலும் அவர் பெயருக்கே எழுதினார்.

காதலிக்குச் செய்த சலுகைதானே இது என்று கேட்கலாம். வெறும் பாசத்துக்கு உயில் போதும். நிர்வாக அதிகாரத்தைத் திறமையில் நம்பிக்கை இல்லாமல் யாரும் கொடுப்பதில்லை. தூரிகை பிடித்தவர் விஸ்லர்தானே என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பது கடும் உழைப்பு. அது இல்லாமல் அந்த ஓவியமே இல்லை. உறவு முறிந்த பிறகும், வேறொரு பெண்ணுக்கு விஸ்லர் மூலம் 1870இல் பிறந்த சார்லஸை வளர்த்தவர் ஜோஆனாதான். 1886இல் அவர் மறைந்தார். அவரை விஸ்லரின் சக உழைப்பாளி என்று அழைப்பதே நேர்மை.