கடலடிப் படத்திற்குரிய காமிராவும் கூடும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் ஊருக்குச் செல்லும் ரயில்தான் என்றிருந்த நிலை இன்று ஓரளவு மாறியிருக்கிறது. மும்பையில் இருப்போர் மால்வண் கடற்கரைக்குச் செல்கின்றனர். பெங்களூரில் இருப்போர் முருடேசுவரத்தில் படகேறி நேத்ராணித் தீவை அடைகின்றனர். கொல்கத்தாவில் இருப்போர்க்கு அந்தமான் விமான வழியில் அண்மையாகிவிட்டது. இவ்விடங்களிலெல்லாம் மூச்சுக்குழாயை வாயில் பொருத்திக்கொண்டோ, காற்றுக்கலத்தை முதுகில் சுமந்தோ நீருக்கடியில் உள்ள பவளப் பாறைகளைக் காண வசதியுண்டு. ஒரு முறை கண்டவர் மறுமுறை காமிராவுடன் இறங்க விரும்புவது இயல்பே. அவ்விருப்பத்தோடு கடைக்குச் செல்பவர் கேட்கும் முதற் கேள்வி, "எந்தக் காமிரா நல்லது?" என்பது. நம் கருத்தில் இக்கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது.

முதற் கேள்வி, காமிராவை அடைத்து நீருக்குள் கொண்டுசெல்லும் உறையைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். இதனைக் கடைக்காரர்கள் 'ஹவுசிங்' என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதற்குப் பல சொற்களை எண்ணிப் பார்த்தோம். 'கவசம்' என்பது போர்க்களத்தை நினைவூட்டுகிறது. 'உறை' என்றால் தலையணை முன்வந்து நிற்கிறது. ஆகவே 'கூடு' என்றே இங்கு வழங்குவோம்.

கூடு ஏன் முதன்மையானது? ஒவ்வொரு கூடும் ஒரு குறிப்பிட்ட காமிராவின் உருவத்திற்கும், அதன் பொத்தான்கள் அமைந்த இடத்திற்கும் ஏற்பவே வார்க்கப்படுகிறது. வேறொரு காமிரா அதில் அமராது. அமர்ந்தாலும் பொத்தானுக்குப் பொத்தான் பொருந்தாது. சோனி நிறுவனம் 2012 முதல் வெளியிட்ட ஆர்.எக்ஸ்.100 வரிசைக் காமிராக்கள் பார்வைக்கு உடன்பிறந்தவை போலவே இருப்பினும், கனத்திலும் லென்ஸிலும் வேறுபட்டவை. எனவே நல்ல காமிராவை மலிவு விலையில் வாங்கிவிட்டுப் பின்னர் அதற்குரிய கூட்டைத் தேடுவது, பூட்டை வாங்கிவிட்டுக் கதவுக்கு அலைவதைப் போன்றது. கூட்டின் விலை காமிராவின் விலைக்கு நிகராக, சில வேளைகளில் அதனினும் மிகுதியாக இருப்பதையும் கருதவேண்டும்.

அடுத்து, எவ்வளவு ஆழம் செல்லப் போகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கடலில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் சுமார் ஒரு கிலோகிராம் எடை ஏறுகிறது. பயிற்சி பெறாதோரைப் பயிற்றுநர் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் அறிமுக முழுக்கு பொதுவாக 12 மீட்டருக்குள் முடிந்துவிடும். முதற்படிச் சான்றிதழ் பெற்றோர்க்கு எல்லை 18 மீட்டர். இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. ஒலிம்பஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட டி.ஜி.6 காமிராவும், அதன் வழித்தோன்றலாக 2023-இல் ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் வந்த டி.ஜி.7 காமிராவும் கூடு இல்லாமலே 15 மீட்டர் வரை நீரைத் தாங்கும் என்பது உற்பத்தியாளர் தரும் உறுதி. லட்சத்தீவின் ஆழமற்ற காயல்களில் மூச்சுக்குழாயுடன் மிதப்பவருக்கு இது தாராளமாகப் போதும். கூட்டிற்குச் செலவிட வேண்டியதே இல்லை. ஆனால் சான்றிதழ் பெற்றவர் இறங்கும் 18 மீட்டர் அந்த எல்லையைக் கடந்தது. அந்த மூன்று மீட்டர்தான் காமிராவின் உயிரைக் குடிக்கும். இவ்விரண்டு காமிராக்களுக்கும் பொதுவான கூடு ஒன்று உண்டு. அது 45 மீட்டர் வரை தாங்கும். பொழுதுபோக்காக முழுகுவோர்க்கு வகுக்கப்பட்டுள்ள எல்லை 40 மீட்டரே ஆதலால் அதற்கு மேல் வேண்டுவதில்லை. கைபேசியை நெகிழிப் பையில் இட்டுக் கொண்டுசெல்வோரும் உளர். தொடுதிரை நீருக்குள் நம் விரலை அறியாது என்பதை அவர்கள் இறங்கிய பின்னரே அறிகின்றனர்.

கூடுகள் பெரும்பாலும் இருவகை. ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டால் ஆனவை மலிவானவை. உள்ளே ஒரு சொட்டு நீர் புகுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அலுமினியத்தாலானவை உறுதி மிக்கவை, விலையும் மிக்கவை. எவ்வகையாயினும், உள்ளிருக்கும் பொருளைக் காப்பது கதவின் விளிம்பில் பதிந்துள்ள ரப்பர் வளையம் ஒன்றே. ஒரு தலைமயிர், ஒரு மணற்பரல், துவாலையின் ஒரு நூலிழை அதன்மீது கிடந்தால் போதும், உப்புநீர் வழி கண்டுவிடும். ஆழத்திற்குச் சென்றால்தான் நீர் புகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ஆழத்தின் அழுத்தம் கதவை வளையத்தின்மீது இறுக்குகிறது. ஆகவே கசிவு பல வேளைகளில் மேற்பரப்பை ஒட்டிய முதல் ஓரிரு மீட்டரிலேயே நிகழ்கிறது. படகிலிருந்து குதிக்கும் அதிர்ச்சியும் இதற்குத் துணைபுரிகிறது. காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு குதிக்காமல், இறங்கிய பின் படகோட்டியிடமிருந்து வாங்கிக்கொள்வதே முறை.

புதுக் கூட்டைக் காமிரா இல்லாமல், உள்ளே மெல்லிய தாளொன்றை மட்டும் வைத்து முதலில் வாளி நீரிலும், பின்னர் முதல் முழுக்கிலும் சோதித்தல் நன்று. தாள் நனையாது திரும்பினால் காமிராவை ஒப்படைக்கலாம். வளையத்திற்கு உற்பத்தியாளர் குறிப்பிட்ட பசையையே, அதுவும் மெல்லிதாக, இடவேண்டும். மிகுதியாக இட்டால் அதுவே மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாற்று வளையங்களைக் கூட்டுடன் சேர்த்தே வாங்கிவிடுங்கள். தீவில் அவை கிடைக்கும் என்று நம்பிச் செல்லவேண்டாம். மற்றொன்று: கடற்கரையின் ஈரக்காற்றிலே கூட்டை மூடினால், குளிர்ந்த நீரில் அந்த ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படிந்து படம் முழுவதையும் கெடுத்துவிடும். குளிர்சாதன அறையிலேயே மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைத்துவிட வேண்டும்.

கூடு முடிந்தது; இனிக் காமிரா. நிலத்தில் சிறப்பெனக் கருதப்படுவன நீரில் சுமையாதல் உண்டு. நெடுந்தொலைவை அருகிழுக்கும் நீண்ட லென்ஸ் அவற்றுள் ஒன்று. நீருக்குள் தொலைவிலுள்ளதைப் படமெடுப்பதால் பயனில்லை. இடைப்பட்ட நீரே திரையாகி விடுகிறது. ஒளியின் நிறங்களுள் சிவப்பை நீர் முதலில் விழுங்குகிறது. ஐந்தாறு மீட்டர் ஆழத்திலேயே குங்குமம் கருமை கலந்த பழுப்பாகத் தோன்றும். மேலிருந்து இறங்கும் ஒளிக்கு மட்டுமன்றிப் பொருளிலிருந்து லென்ஸுக்கு வரும் ஒளிக்கும் இவ்விதி பொருந்தும். ஆதலால் பொருளை ஒரு மீட்டருக்குள் நெருங்கி எடுப்பதே கடலடிப் படக்கலையின் பாதி எனலாம். அருகில் நின்று அகன்ற காட்சியைப் பிடிக்கும் லென்ஸும், மிக அருகிலுள்ள சிற்றுயிரைத் தெளிவாகக் காட்டும் ஆற்றலும் வேண்டும். டி.ஜி. வரிசைக் காமிரா ஒரு சென்டிமீட்டர் தொலைவிலும் குவியும். சிற்றுயிர்களை நாடுவோர்க்கு அது ஏற்றது. ஆர்.எக்ஸ்.100 காமிராவின் சென்சார், அதாவது ஒளியை வாங்கிக்கொள்ளும் தகடு, டி.ஜி.யின் தகட்டைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்புடையது. மங்கிய ஒளியிலும் படம் புள்ளிபடாது வரும். ஆனால் அது நீரைச் சிறிதும் தாங்காது. கூடு ஏமாற்றினால் காமிரா அன்றோடு முடிந்தது. டி.ஜி.க்கோ கூடு ஒரு காவல், தன் உடல் மற்றொரு காவல். ஆண்டுச் சேமிப்பைக் கொட்டி வாங்கும் மாதச் சம்பளக்காரர்க்கு நாம் முதற் காமிராவாக டி.ஜி.யையே சொல்வோம்.

தட்டையான கண்ணாடி வழியாக நீரில் பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகத் தோன்றும். 25 மில்லிமீட்டர் லென்ஸ் அங்கே 33 மில்லிமீட்டர் லென்ஸைப் போலாகி, காட்சி குறுகிவிடுகிறது. இழந்த அகலத்தை மீட்கக் கூட்டின்முன் வெளியே பொருத்தும் லென்ஸ்கள் உள்ளன. அவற்றை ஏற்கும் திருகு அமைப்பு கூட்டில் உண்டா என்று வாங்கும்போதே பாருங்கள். காமிராவின் சொந்தப் பிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், நீரில் மிதக்கும் துகள்களை ஒளியூட்டிப் பனிமழை பெய்தாற்போல் காட்டும். கைநீளத் தொலைவில் பக்கவாட்டில் நிறுத்தும் வெளி விளக்கை ஓராண்டு கழித்து வாங்கலாம். அதுவரை பகலொளியில், ஆழம் குறைந்த இடத்தில், வெண்மைச் சீர்மையைக் கையால் திருத்தி எடுக்கப் பழகுங்கள்.

காமிரா கைக்கு வந்ததும் காற்றளவு மானியைப் பார்க்க மறப்பவர் உண்டு. குவியத்தை நோக்கியபடியே பாறையின்மீது முழங்காலை ஊன்றுபவரும் உண்டு. பாறையாகத் தோன்றும் பவளம் உயிருள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது. கையால் எதையும் பற்றாமல் நீரிடையே அசையாது நிற்கக் கற்றுக்கொள்ளும் வரை காமிரா கரையிலேயே இருக்கட்டும்.

பழைய பொருள் வாங்குவோர்க்கு ஒரு குறிப்பு. பழைய காமிரா பெரும்பாலும் தீதில்லை. பழைய கூடுதான் ஆராயத்தக்கது. கதவின் தாழ்ப்பாள் அருகே மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா, பொத்தான்களை அழுத்தினால் உடனே மீளுகின்றனவா, அவற்றின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்துள்ளதா எனப் பாருங்கள். வளையத்தை எவ்வாறாயினும் புதிதாக மாற்றிவிடுங்கள். வெடிப்புக் கண்ட கூட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.