மாறாத இருமலும் இரைப்பை அமிலமும்: சத்திரசிகிச்சைக்கு முன் அறிய வேண்டியவை

நியூ ஜேர்சி மாநிலத்தில் வாகனத்துக்குத் தாமே பெற்றோல் நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடமளிப்பதில்லை. 1949ஆம் ஆண்டு முதல் இதுவே விதி. ஆகவே எரிபொருள் நிலையங்களில் நள்ளிரவிலும் ஒருவர் நிற்க வேண்டும். அவர் தென்னாசியராக இருப்பது அரிதன்று. வேலை முடித்து இரவு ஒரு மணிக்கு வயிறு நிறையச் சோறுண்டு, உடனே படுக்கையில் சாய்வது இவ்வாழ்வின் நியதி. அதிகாலையில் இருமல் எழும்போது குளிரையும் புகையையும் குறைகூறுகிறோம். இரைப்பையை எவரும் சந்தேகிப்பதில்லை.

எட்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலை வைத்தியர்கள் நாட்பட்ட இருமல் என்கின்றனர். எமது நாடுகளிலிருந்து வந்தோர் முதலில் காசநோய் இல்லை என்பதை உறுதிப்படுத்த வேண்டும். வதிவிட விண்ணப்பம் பாதிக்கப்படும் என்றஞ்சி இருமலை மறைப்போர் உண்டு. காசநோய் மருந்தால் குணமாகக்கூடியது. மறைப்பதால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கே ஆபத்து. அடுத்து ஆஸ்துமா, மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளி ஆகியன ஆராயப்படும். இரத்த அழுத்தத்துக்கு லிசினோபிரில், எனாலாபிரில் போன்ற குளிசை எடுக்கும் முதியோருக்கு அக்குளிசையே இருமலைத் தரலாம். இவையெல்லாம் கழிந்த பின்னரே இரைப்பையின் முறை வருகிறது.

உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்குமிடத்தில் வளையம் போன்ற ஒரு தசை உண்டு. அது தளர்ந்தால் அமிலம் மேலெழும். அதன் துளிகள் சுவாசக்குழாயை எட்டியும் இருமலைத் தூண்டலாம். அவ்வளவு உயரம் எட்டாமலே, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி நரம்புகள் வழியாகவும் தூண்டலாம். நெஞ்செரிவே இல்லாதவருக்கும் இது நேர்வதுண்டு.

இந்நோய்க்கான சத்திரசிகிச்சையை வகுத்தவரும் ஓர் அகதியே. ருடொல்ஃப் நிஸ்ஸன் யூத வம்சாவளியைச் சேர்ந்த ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பேர்லினை விட்டு இஸ்தான்புல் சென்றார். 1939இல் அமெரிக்கா வந்து, பின்னர் புரூக்ளினில் பணியாற்றினார். நியூ ஜேர்சியின் பிரின்ஸ்டனில் வாழ்ந்த மற்றோர் அகதியான அல்பேர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றில் பெருநாடி வீங்கியிருந்தபோது, 1948 டிசம்பரில் அதனைச் செலோபன் தாளால் சுற்றிக் கட்டியவர் இவரே. ஐன்ஸ்டைன் அதன்பின் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1952இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்ற நிஸ்ஸன், 1955இல் இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டி போல மடித்துத் தைத்தார். மறுவருடம் அதனை வெளியிட்டார். இன்றும் அச்சிகிச்சை அவர் பெயராலேயே வழங்குகிறது. 1991 முதல் சிறு துளைகள் வழியாகவே இது செய்யப்படுகிறது. தையலுக்குப் பதிலாகச் சிறு காந்த மணிகளாலான வளையத்தைப் பொருத்தும் முறைக்கு 2012இல் அமெரிக்க அரசு அனுமதியளித்தது.

இது யாருக்குப் பலனளிக்கும்? டெக்சாஸின் டலஸ் நகர நிபுணர் ஸ்ருவேர்ட் ஸ்பெக்லர் தலைமையில் முன்னாள் படைவீரர்களிடையே நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. மருந்துக்கு அடங்காத நெஞ்செரிவு என அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். அவர்களுள் 42 பேருக்கு, மருந்தை முறையாக எடுத்தபோதே எரிவு தணிந்தது. வேறு 99 பேருக்கு எரிவுக்குக் காரணம் அமிலமே அன்று. இவ்வாறு வடிகட்டி எஞ்சியவர்கள் 78 பேர் மட்டுமே. சத்திரசிகிச்சை பெற்றோரில் 67 வீதத்தினர் தேறினர்; தீவிர மருந்துச் சிகிச்சையில் 28 வீதத்தினரே தேறினர். கத்தியின் வெற்றியை விட அந்த வடிகட்டலே எமக்கு முக்கியமாகப் படுகிறது.

அது நெஞ்செரிவு பற்றிய ஆய்வு; இருமலுக்கு ஆதாரம் இன்னும் மெலிது. 2016இல் அமெரிக்க நெஞ்சு வைத்தியர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டல், அமிலச் சோதனையில் அளவு மிகுந்தும் உணவுக்குழாயின் அசைவு சீராகவும் உள்ளவருக்கே, மருந்து பலனளிக்காதவிடத்து, சத்திரசிகிச்சையை எண்ணலாம் என்கிறது. அமில அளவு இயல்பாக இருப்பின் வேண்டாம் என்கிறது. எனவே அமிலச் சோதனையும் அசைவுச் சோதனையும் செய்யாமல் நாள் குறிக்கும் வைத்தியரிடம் காரணம் கேளுங்கள்.

சிகிச்சையின் பின் சில வாரங்கள் விழுங்குவது சிரமம்; பாணும் புட்டும் ஆகா, கஞ்சியும் சூப்புமே ஆகும். ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்புவோரும் உளர். ஸ்பெக்லர் குழுவினரின் 2001ஆம் ஆண்டு ஆய்வில், பத்தாண்டளவு கழிந்தபின் சத்திரசிகிச்சை பெற்றோரில் 62 வீதத்தினர் மீண்டும் அமில மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தனர். ஆகவே உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்பது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களை உயர்த்துவது, எடையைக் குறைப்பது ஆகியவற்றை முதலில் செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

செலவைப் பொறுத்தவரை, நியூ ஜேர்சியில் வருமானம் குறைந்தோருக்கு வைத்தியசாலைகளில் 'சரிட்டி கெயார்' உதவி உண்டு. குடியுரிமை இல்லாதோரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது வைத்தியசாலைக் கட்டணத்துக்கே. சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து வைத்தியரும் தனியே பில் அனுப்பக்கூடும். ஹூஸ்டனில் 'ஹரிஸ் ஹெல்த்' அமைப்பிடம் விசாரிக்கலாம். கலிபோர்னியாவின் 'மெடி-கல்' விதிகள் 2026 ஜனவரியில் இறுகியுள்ளதால், வளைகுடாப் பகுதியில் உள்ளோர் கவுண்டி அலுவலகத்தில் தமது வதிவிட நிலையைக் கூறிக் கேட்டறிவது நல்லது.

மத்திய அரசின் நிதி பெறும் வைத்தியசாலைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். நாள் குறிக்கும்போதே 'தமிழ்' எனத் தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையேல் தொலைபேசியில் ஹிந்தி பேசுபவர் வந்து சேரலாம். ஒப்புதல் பத்திரத்தைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து வாசித்துச் சொல்லச் செய்ய வேண்டாம்.