பசியைக் கேட்டு அறிந்த தேசம்

காசு கைக்கு வருவதற்குள் வீட்டில் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கடந்த மூன்று மாதங்களில் கவலைப்பட்டீர்களா? பிரேசிலில் உணவு நிலையைக் கணக்கெடுக்க வரும் ஊழியர் முதலில் கேட்பது இதைத்தான். பிறகு கேள்விகள் மெல்லக் கடுமையாகும். சாப்பாடு உண்மையிலேயே தீர்ந்துபோனதா? பணமில்லாமல் ஒரே பண்டத்தைத் திரும்பத் திரும்பச் சாப்பிட நேர்ந்ததா? பெரியவர்கள் யாராவது ஒரு வேளையைத் தவிர்த்தார்களா? கடைசியாகக் குழந்தைகள்: அவர்களின் தட்டில் அளவைக் குறைத்தீர்களா, ஒரு நாள் முழுக்க அவர்கள் பட்டினி கிடந்தார்களா?

கேள்விகளின் வரிசையில்தான் அறிவியல் இருக்கிறது. வறுமை வீட்டுக்குள் படிப்படியாக இறங்குகிறது. முதலில் மனதில் பயம் வரும். அடுத்து காய்கறியும் இறைச்சியும் குறைந்து, வயிற்றை நிரப்பும் மலிவான பண்டம் மட்டும் மிஞ்சும். அதற்கடுத்து பெரியவர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்வார்கள். குழந்தையின் தட்டு காலியாவது எல்லாவற்றுக்கும் பிறகுதான். எத்தனை கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பதில் வருகிறது என்பதை வைத்து அந்த வீட்டின் உணவுப் பற்றாக்குறை லேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த அளவுகோலின் பெயர் ‘எபியா’.

நாட்டில் விளைந்த தானியத்தை மக்கள்தொகையால் வகுத்துத் தலைக்கு இத்தனை கலோரி என்று சொல்வது பழைய முறை. குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளப்பது இன்னொரு முறை. இரண்டும் பயனுள்ளவைதான். ஆனால், சராசரிக் கலோரி எந்த வீட்டு அடுப்பு எரியவில்லை என்று சொல்லாது. குழந்தை மெலிந்துபோனது தராசில் தெரியும்போது பல மாதங்கள் கைநழுவியிருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழைப் பெண்களிடம் பசி என்றால் என்னவென்று கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து கேள்விகளை உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த அமெரிக்க அளவுகோலைத்தான் காம்பினாஸ் பல்கலைக்கழகத்தின் அனா மரியா செகால்-கொர்ரேயா தலைமையிலான குழு 2003இல் கையில் எடுத்தது. அதை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்தவில்லை. அமேசான் பகுதியிலுள்ள மனாவுஸ், வடகிழக்குக் கடற்கரையிலுள்ள ஜொவாவ் பெசோவா போன்ற நகரங்களில் எளிய மக்களோடு உட்கார்ந்து பேசி, கேள்விகளைத் திருத்தி, சரிபார்த்தார்கள். 2004இல் அரசின் தேசிய வீட்டுக் கணக்கெடுப்பில் அது இடம்பெற்றது.

அந்த ஆண்டு கடுமையான பற்றாக்குறையில் இருந்த வீடுகள் 6.9 சதவீதம். 2009இல் அது 5 சதவீதமாகவும், 2013இல் 3.2 சதவீதமாகவும் இறங்கியது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வேறொரு அளவுகோலைப் பயன்படுத்துகிறது. அதன் பசி வரைபடத்திலிருந்தும் 2014இல் பிரேசில் வெளியேறியது.

இந்த இறக்கத்துக்கு அதிபர் லூலா அரசின் பணஉதவித் திட்டம், குறைந்தபட்ச ஊதிய உயர்வு, வேலைவாய்ப்பு எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று, வெளியுலகில் அதிகம் பேசப்படாத ஒரு மன்றம். ‘கொன்சேயா’ எனப்படும் தேசிய உணவு, ஊட்டச்சத்துப் பாதுகாப்பு மன்றம் அது. 1993இல் ஹெர்பர்ட் டி சோசா என்ற சமூகவியலாளர் நாடு முழுக்க நடத்திய பசி எதிர்ப்பு இயக்கத்தின் அழுத்தத்தில் முதலில் தோன்றி, இரண்டே ஆண்டுகளில் கலைக்கப்பட்டு, 2003இல் மீண்டும் உயிர்பெற்றது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குடிமக்கள் தரப்பு: சிறு விவசாயிகள், பூர்வகுடிகள், தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிலோம்போலா சமூகத்தினர், நுகர்வோர் அமைப்பினர், ஆய்வாளர்கள். மீதி ஒரு பங்குதான் அரசு. தலைமைப் பொறுப்பும் குடிமக்கள் தரப்புக்கே. மன்றம் ஆலோசனை சொன்னது நேரடியாக அதிபருக்கு.

அங்கே உட்கார்ந்து பேசியவற்றில் பல சட்டமாயின. 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம். 2009இல் பள்ளி உணவுச் சட்டம்: மத்திய அரசு அதற்குத் தரும் பணத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் சிறு குடும்ப விவசாயிகளிடமிருந்து கொள்முதல் செய்யவேண்டும் என்று அது அப்போது விதித்தது. 2010இல் உணவு உரிமை அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது.

இப்படிக் கீழிருந்து மேலே போன அறிவுக்கு ஒரு கண்கூடான சாட்சி, வடகிழக்கின் வறண்ட நிலத்தில் வீட்டுக்கு வீடு நிற்கும் வெள்ளைத் தொட்டி. மழை சில மாதங்களே பெய்யும் ஊர்கள் அவை. சாவோ பாலோவில் நீச்சல் குளம் கட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கொத்தனார் ஒருவர், அங்கே கற்ற தொழிலை வைத்து, வளைந்த சிமெண்ட் பலகைகளை வட்டமாக அடுக்கித் தொட்டி கட்டும் முறையைக் கண்டுபிடித்தார். பலகையை வார்ப்பது அந்த இடத்திலேயே. சுற்றிலும் கம்பியால் இறுக்கிக் கட்டி, மேலே பூசிவிடலாம். கூரையில் விழும் மழைநீர் தகரக் குழாய் வழியே தொட்டிக்குள் இறங்கும். கொள்ளளவு 16,000 லிட்டர். ஒரு குடும்பத்துக்குக் கோடை முழுக்கக் குடிக்கவும் சமைக்கவும் அது போதும். வறண்ட நிலப் பகுதியின் நூற்றுக்கணக்கான மக்கள் அமைப்புகள் 1999இல் ஒன்றுகூடி, பத்து லட்சம் தொட்டிகள் வேண்டும் என்று கேட்டன. 2003இலிருந்து அரசு பணம் கொடுத்தது. தொட்டி கட்டப் பெண்களும் பயிற்சி பெற்றார்கள். பத்து லட்சம் என்ற இலக்கு எட்டப்பட்டது. அதோடு தோட்டத்துக்கும் ஆடு கோழிக்கும் 52,000 லிட்டர் தொட்டி வந்தது. மாபெரும் அணைகளுக்குக் கோடி கோடியாகக் கொட்டியும் குடிசைக்குத் தண்ணீர் வராத நிலத்தில், ஒரு கொத்தனாரின் கைவேலை தேசியக் கொள்கையானது. இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான்.

2014இலிருந்து காற்று திசைமாறியது. பொருளாதாரம் சரிந்தது. சிறு விவசாயிகளிடம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்கும் திட்டத்துக்கான நிதி வெட்டப்பட்டது. 2018 வாக்கில் கடுமையான பற்றாக்குறை 4.6 சதவீதமாக ஏறியிருந்தது. 2019 ஜனவரி 1, பொல்சொனாரோ அதிபராகப் பதவியேற்ற முதல் நாள். அன்றே ஓர் அவசர ஆணையால் கொன்சேயா முடக்கப்பட்டது. பிப்ரவரி 27 அன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் சமையல்காரர்களும் விவசாயிகளும் ஊட்டச்சத்து நிபுணர்களும் பொதுவெளியில் மேசை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் நல்ல உணவு பரிமாறித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். நாடாளுமன்றம் மன்றத்தைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. அதிபர் அதைத் தன் ரத்து அதிகாரத்தால் தடுத்தார்.

பிறகு கொரோனா வந்தது. வீடுகளில் எவ்வளவு பசி இருக்கிறது என்று அரசு அளக்கவில்லை. ‘பென்சான்’ என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு, தொண்டு நிறுவனங்களின் நிதியைக் கொண்டு அதே எபியா கேள்விகளோடு தானே களத்தில் இறங்கியது. 2020 கடைசியில் சுமார் 1.9 கோடிப் பேர் பசியில் இருப்பதாக அது கண்டது. அடுத்த ஆய்வில் 12,745 வீடுகளுக்குப் போனார்கள். 2022 ஜூனில் வெளிவந்த எண் 3.31 கோடி. தேர்தல் ஆண்டு அது. நாட்டில் அந்த எண்ணைத் தவிர்த்துவிட்டுப் பசியைப் பற்றிப் பேச யாராலும் முடியவில்லை. ஏற்கெனவே மக்களோடு சேர்ந்து சோதித்த, எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் அளவுகோல் கையில் இருந்ததால்தான் அந்த எண்ணுக்கு அவ்வளவு வலு கிடைத்தது என்று நினைக்கிறேன். அறிவியலாளர்கள் முன்பே மக்களிடம் போயிருக்காவிட்டால், அவசர நேரத்தில் நம்பிக்கையை எங்கிருந்து எடுப்பது?

2023 பிப்ரவரி கடைசியில் கொன்சேயா மீண்டும் கூடியது. கலைக்கப்பட்டபோது தலைவராக இருந்த பிரேசிலியா பல்கலைக்கழக ஊட்டச்சத்து அறிஞர் எலிசபெத்தா ரெசினேயே மறுபடியும் தலைமையேற்றார். அரசுக் கணக்கெடுப்பின்படி கடுமையான பற்றாக்குறை உள்ள வீடுகள் 2023இல் 4.1 சதவீதம், 2024இல் 3.2 சதவீதம். 2025 ஜூலையில் பசி வரைபடத்திலிருந்து பிரேசில் இரண்டாம் முறையாக வெளியேறியது. ஆனாலும் 3.2 சதவீத வீடுகள் என்றால் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். பத்தாண்டுகளுக்கு முன் தொட்ட அதே இடத்துக்குத்தான் நாடு திரும்பியிருக்கிறது. இழந்த ஆண்டுகளில் பட்டினி கிடந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

வயிறு நிரம்பினால் போதாது, எதனால் நிரம்புகிறது என்பதும் முக்கியம். சாவோ பாலோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ, குடும்பங்களின் செலவுக் கணக்கைப் பார்த்தபோது ஒரு முரண்பாட்டைக் கண்டார். மக்கள் கடையில் வாங்கும் சர்க்கரையும் எண்ணெயும் குறைந்துகொண்டே வந்தன. உடல் பருமனோ கூடிக்கொண்டே போனது. பாக்கெட் தின்பண்டத்திலும் குளிர்பானத்திலும் ஒளிந்து, சர்க்கரையும் எண்ணெயும் வேறு வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. இந்த மிகைப் பதப்படுத்திய உணவுகளைக் குறைக்கச் சொல்லி 2014இல் தேசிய உணவு வழிகாட்டி வெளியானது. வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, வந்த கருத்துகளைப் படித்துத் திருத்திய பிறகே அதை வெளியிட்டார்கள். இப்போது அது பள்ளிச் சமையலறைவரை வந்துவிட்டது: பள்ளி உணவுக்கான பணத்தில் பதப்படுத்திய, மிகைப் பதப்படுத்திய பண்டங்களுக்கு 2025இல் 15 சதவீதமும் 2026இல் 10 சதவீதமும்தான் உச்சவரம்பு.

நாள்தோறும் சுமார் நான்கு கோடிப் பிள்ளைகள் சாப்பிடும் இந்தப் பள்ளி உணவில் சட்டத்துக்குப் பிடிபடாமல் நழுவ இடம் நிறைய உண்டு. அதனால் ஒவ்வொரு நகராட்சியிலும் ஒரு பள்ளி உணவுக் குழு கட்டாயம். ஏழு பேரில் பெற்றோர் இருவர், ஆசிரியர் அல்லது மாணவர் தரப்பில் இருவர், பொது அமைப்புகளிலிருந்து இருவர், நகராட்சி நிர்வாகத்தின் ஆள் ஒருவர் மட்டும்; அவர் குழுவின் தலைவராக முடியாது. என்ன சமைப்பது என்று எழுதுவது தகுதிபெற்ற ஊட்டச்சத்து நிபுணரின் பொறுப்பு. மரவள்ளியையும் வாழையையும் கீரையையும் கொண்டுவந்து இறக்குவது பக்கத்து ஊர் விவசாயி. கணக்கைச் சரிபார்த்துக் கருத்தெழுதுவது இந்தக் குழு. குழுவையே அமைக்காத, கணக்குக் காட்டாத நகராட்சிக்கு மத்திய அரசு பணத்தை நிறுத்திவைக்கலாம்.