பல்லின் அடைப்பு ஏன் கழன்று விழுகிறது?

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. ஆயினும், பல்லில் சொத்தை கண்டால் அதனை அடைத்துக் காப்பதைவிடப் பிடுங்கி எறிவதே மேல் என எண்ணுவோர் நம் தோட்டங்களில் இன்னும் உளர். "அடைத்தாலும் நிற்காது" என்பதே அவர்கள் கூறும் காரணம். அடைப்பு நிற்பதும் விழுவதும் தலையெழுத்தன்று. அது பல்லைப் பற்றும் முறையைப் பொறுத்ததாகும். அம்முறையினை இங்கு விளக்குவோம்.

ஒட்டாத அடைப்பு

நெடுங்காலமாக வழக்கிலுள்ள வெள்ளிநிற அடைப்பு, வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்துடன் குழைத்துச் செய்யப்படுவது. அது உறுதியானது, ஆனால், பல்லோடு தானாக ஒட்டுவதில்லை. ஆகவே, வாய் குறுகி அடி அகன்ற குழியாகப் பல்லைக் குடைய வேண்டியுள்ளது. குடத்தினுள் உறைந்த கட்டிப்பால் கழுத்து வழியே வெளிவராததுபோல, இறுகிய கலவையும் அக்குழியில் தங்கிவிடும். இதற்காக நல்ல பல்லிலும் ஒரு பகுதியை இழக்க நேரும். மேலும், பாதரசத்தின் தீங்கைக் கருதி, இவ்வகை அடைப்பைப் படிப்படியாகக் குறைக்குமாறு 2013ஆம் ஆண்டின் மினமாத்தா உடன்படிக்கை வகை செய்தது.

ஒட்டும் அடைப்புகள்

மிதிவண்டி டியூபில் ஒட்டுப் போடுபவர் முதலில் அதனை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறார் அன்றோ? 1955இல் அமெரிக்கரான மைக்கேல் புவோனோகோர் இத்தகையதொரு வழியைப் பல்லுக்குக் கண்டார். பாஸ்பாரிக் அமிலத்தைப் பல்லின் மேலோடாகிய எனாமலில் தடவிக் கழுவினால், கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் தோன்றுகின்றன. பிசின் அவற்றினுள் புகுந்து, நீலவொளி பட்டதும் இறுகி வேர்போல் பற்றிக்கொள்கிறது. எனாமலில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளாதலின், அங்குப் பிடிப்பு வலிது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் இழுப்பைத் தாங்கும். அதன் கீழுள்ள டென்டினில் நீரும் புரதமும் மிகுதி. அங்குப் பிடிப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தளரும். மேலும், பிசின் இறுகுகையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு சுருங்குவதால், ஓரத்தில் இடைவெளி விழக்கூடும். அதன்வழிக் கிருமிகள் புகுந்தால், அடைப்பின் கீழேயே மீண்டும் சொத்தை உண்டாகும்.

மற்றொன்று, இலண்டன் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வில்சன், கென்ட் ஆகியோர் கண்டு, 1972இல் வெளியிட்ட கண்ணாடி அயனோமர் சிமெண்டு. இது பல்லிலுள்ள சுண்ணச்சத்தோடு தானே பிணைகிறது; புளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. இதன் பிடிப்பு பிசினைவிடக் குறைவு, தேய்வதும் விரைவு. எனினும், மின்சாரமின்றிக் கைக்கருவிகளாலேயே சொத்தையை அகற்றி இதனை வைக்கலாம்.

ஈரமே பகை

மழையில் நனைந்த மரத்தைச் சீவினால், பால் மங்கில் சேராது பட்டையில் பரவி வீணாவதை நாம் அறிவோம். பல் அடைப்பிலும் ஈரமே பெரும்பகை. தயார் செய்த பல்லில் எச்சிலோ இரத்தமோ படிந்தால் பிசின் ஒட்டாது. இதனைத் தடுக்க, 1864இல் நியூயார்க்கில் பார்னம் என்னும் பல் மருத்துவர் மெல்லிய ரப்பர்த் தாளைப் பல்லைச் சுற்றிப் பொருத்தினார். அம்முறை இன்றும் கையாளப்படுகிறது. மரத்துப்பால் பல்லைக் காக்கவும் உதவுவது நமக்குப் பெருமையன்றோ!

நாம் செய்ய வேண்டியவை

வலி வரும்வரை காத்திராதீர். சிறு குழியாயின், சுற்றிலும் எனாமல் எஞ்சியிருக்கும். அடைப்பும் நன்கு பற்றும். மருத்துவர் வாயைத் திறந்து வைக்கச் சொன்னால், அவர் முடிக்கும்வரை மூடாதீர். வெள்ளிநிற அடைப்பாயின், ஒரு நாள் அப்பக்கம் கடினமானவற்றை மெல்லாதீர். புளோரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் பல் துலக்குக. வேலைக்கிடையே இனிப்புத் தேநீரை அடிக்கடி பருகுவதைக் குறைத்திடுக.

சிரம்பான், போர்ட்டிக்சன், கோலப்பிலா, தம்பின் முதலிய ஊர்களில் அரசாங்கப் பல் மருத்துவகங்கள் உள்ளன. அடைப்பு விழுந்தால் மீண்டும் செல்க. விழுந்தது அடைப்பே, பல் இன்னும் நம்முடையதே. அதனைக் காப்பது நம் கையிலுள்ளது.