உறங்குபவருக்காக விழித்திருப்பவர்

ஆபரேஷன் மேஜைமேல் நோயாளி படுத்திருக்கிறார். கையில் ஓர் ஊசி ஏறுகிறது. "ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள்" என்கிறார் டாக்டர். பத்து எண்ணி முடிப்பதற்குள் நினைவு போய்விடுகிறது. மறுபடி கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. கத்தி பிடித்த டாக்டரை வீட்டார் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அத்தனை நேரமும் தலைமாட்டில் இருந்து உயிரைக் காத்த இன்னொரு டாக்டரை யாரும் நினைப்பதில்லை.

அவர்தான் மயக்க டாக்டர். நோயாளியைத் தூங்க வைப்பதுதான் அவருடைய வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். தூங்க வைப்பது சுலபம். தூங்கியவரைப் பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவதுதான் கஷ்டம். ஒரு காலத்தில் அந்த வேலையில் நிறையத் தவறுகள் நேர்ந்தன. அந்தத் தவறுகளை அந்த டாக்டர்களே எண்ணிப் பார்த்துத் தங்கள் தொழிலை ஒழுங்குபடுத்திக் கொண்ட கதை, மருத்துவ உலகின் அருமையான கதைகளில் ஒன்று.

1,560 பேருக்கு ஒருவர்

1846-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூஸெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை மயக்கிக் காட்டினார். வலியில்லாத ஆபரேஷன் உலகத்துக்குத் தெரிந்தது அன்றுதான். ஆனால் இரண்டே வருஷத்தில், 1848-ல், இங்கிலாந்தில் கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்த 15 வயதுப் பெண் மேஜையிலேயே இறந்து போனாள். வலியைப் போக்கும் மருந்து உயிரையும் போக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எத்தனை பேர் இறக்கிறார்கள்? 1954-ல் பீச்சர், டாட் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் கணக்கு எடுத்தார்கள். பத்து ஆஸ்பத்திரிகளில் ஐந்து வருஷ காலத்தில் மயக்க மருந்து பெற்ற சுமார் 6 லட்சம் பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். 1,560 பேருக்கு ஒருவர் வீதம் நேர்ந்த மரணங்களில் மயக்க மருந்துக்கும் பங்கு இருந்தது!

டாக்டர்கள் நடுவே ஓர் எஞ்சினீயர்

மருந்தில் குற்றமா, மனிதரிடம் குற்றமா? இதற்கு விடை காண முன்வந்தவர் டாக்டர் அல்ல, ஓர் எஞ்சினீயர். அவர் பெயர் ஜெப்ரி கூப்பர். ஆகாய விமான விபத்துகளை ஆராய்வது போல ஆஸ்பத்திரித் தவறுகளையும் ஆராய வேண்டும் என்று அவரும் அவருடைய தோழர்களும் எண்ணினார்கள். மயக்க டாக்டர்களிடம் சென்று, "உங்கள் கையில் தவறிய சம்பவங்களை, தவறப் பார்த்துத் தப்பிய சம்பவங்களைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். யாரையும் தண்டிப்பதற்காகக் கேட்கவில்லை. ஆகையால் டாக்டர்களும் மனம் திறந்து சொன்னார்கள்.

1978-ல் முடிவு வெளிவந்தது. தவிர்த்திருக்கக்கூடிய 359 சம்பவங்கள் கிடைத்தன. அவற்றில் 82 சதவிகிதம் மனிதர் செய்த பிழை. சுவாசக் குழாய் கழன்று போனதைக் கவனியாமை, ஒரு மருந்து ஊசிக்குப் பதில் இன்னொன்றை எடுத்துப் போடுதல், வாயுவைத் தவறாகத் திருப்புதல் ஆகியவைதான் அடிக்கடி நடந்தன. இயந்திரங்களின் அமைப்பும் பிழைக்குத் துணை போயிற்று. ஓர் இயந்திரத்தில் திருகாணியை வலப்புறம் திருப்பினால் மருந்து கூடும்; வேறோர் இயந்திரத்தில் அதே பக்கம் திருப்பினால் குறையும். களைத்த கை எதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்?

ஒரு பெண்ணின் மரணம்

மயக்கத்தின்போது பெரும்பாலும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்கிறார்கள். அப்போது நோயாளி தானாக மூச்சு விட முடியாது. தொண்டை வழியே செலுத்திய குழாயில்தான் பிராணவாயு போக வேண்டும். அந்தக் குழாய் மூச்சுக் குழலுக்குப் பதில் உணவுக் குழலில் நுழைந்துவிட்டால், சில நிமிஷங்களில் மூளை கெட்டுவிடும்.

அமெரிக்க மயக்க டாக்டர்களின் தலைவராக விளங்கிய எலிசன் பியர்ஸ் என்பவரின் நண்பருக்கு 18 வயதில் ஒரு மகள் இருந்தாள். கடைவாய்ப் பல் எடுக்கப் போன அந்தப் பெண் இப்படித்தான் மாண்டாள். பியர்ஸால் அதை மறக்க முடியவில்லை. 1982-ல் அமெரிக்க டெலிவிஷன் ஒன்றும் மயக்க மருந்து விபத்துகளைப் பற்றி நாடே நடுங்கும்படி ஒரு நிகழ்ச்சி காட்டியது. பியர்ஸ் முன்னின்று, மயக்கத்தில் இருக்கும் நோயாளிகளின் பாதுகாப்புக்கென்றே 1985-ல் ஓர் அறநிலையம் தோன்றியது. முடிந்துபோன நஷ்டஈட்டு வழக்குக் கட்டுகளை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளிடம் வாங்கிப் படிக்கும் ஆராய்ச்சியும் அதே சமயம் ஆரம்பமாயிற்று. 1,541 வழக்குகளைப் படித்ததில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூச்சுக் கோளாறினால் வந்தவை என்று தெரிந்தது.

பணமும் கண்ணைத் திறந்தது

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாஸ்டனில் ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒன்பது ஆஸ்பத்திரிகளின் டாக்டர்களில் மயக்க டாக்டர்கள் 3 சதவிகிதம்தான். ஆனால் அங்கே கொடுத்த நஷ்டஈட்டுத் தொகையில் 12 சதவிகிதம் அவர்களால் வந்தது! இன்ஷ்யூரன்ஸ் பிரீமியம் கழுத்தை நெரித்தது. "சட்டம் போடுங்கள் என்று கோர்ட்டைக் கேட்பானேன்? டாக்டர்களின் ஊதியத்தைக் குறைப்பானேன்? தவறையே குறைப்போம்" என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

1985-ல் சில விதிகளை வகுத்து, 1986-ல் பிரசுரித்தார்கள். படித்துப் பார்த்தால், "இதற்கா ஒரு விதி?" என்று தோன்றும். முதல் விதி: மயக்கம் கொடுத்த டாக்டர் ஆபரேஷன் முடியும் வரை அறையை விட்டுப் போகக் கூடாது. அடுத்து: ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்க்க வேண்டும். இருதயத் துடிப்பை இடைவிடாமல் கவனிக்க வேண்டும். குழாய் கழன்றால் மணி அடிக்கும் கருவி இருக்க வேண்டும். பிராணவாயுவை அளக்கும் கருவி இருக்க வேண்டும். அந்த வருஷமே நாடு முழுவதுமுள்ள மயக்க டாக்டர்களின் சங்கமும் இத்தகைய விதிகளை ஏற்றுக்கொண்டது.

விரல் நுனியில் ஒரு சாட்சி

அந்தச் சமயத்தில் கைகொடுத்தது ஜப்பான். தாகுவோ அவோயாகி என்ற எஞ்சினீயர் 1974-லேயே ஓர் அற்புதத்தைக் கண்டுபிடித்திருந்தார். ரத்தத்தின் நிறம் பிராணவாயு கூடினால் சிவக்கும், குறைந்தால் கருக்கும். ஒளியைச் செலுத்தி அதை வெளியிலிருந்தே அளக்கும் உபாயம் அது. 2020-ல் கொரோனா வந்தபோது நம் வீடுகளில் எல்லாரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்ஸிமீட்டர், அதுதான். நோயாளியின் உதடு நீலமாகும் வரை காத்திராமல், முன்கூட்டியே அது எச்சரித்துவிடும். வெளிவரும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதா என்று காட்டும் கருவியும் வந்தது. குழாய் தவறான வழியில் போனால் இப்போது உடனே தெரிந்துவிடும்.

பலன் என்ன? 10 லட்சம் பேருக்கு மேல் திடகாத்திரமான நோயாளிகளை 1976 முதல் 1988 வரை ஹார்வர்டில் கணக்கெடுத்தார்கள். பெரிய விபத்துகள் 11. அவற்றில் மரணம் 5. அந்தப் பதினொன்றில் ஒன்றே ஒன்றுதான் விதிகள் வந்த பிறகு நேர்ந்தது. 1999-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்று, 10,000-க்கு 2 ஆக இருந்த மரணம் 2 லட்சத்துக்கு 1 என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது என்றது. இது கொஞ்சம் மிகை என்று சில ஆராய்ச்சியாளர்கள் தர்க்கித்தார்கள். ஆனால் மரணம் பெரிதும் குறைந்தது என்பதில் தகராறு இல்லை. இன்ஷ்யூரன்ஸ் பிரீமியமும் கீழே இறங்கியது. பாதுகாப்பு வியாபாரத்துக்கும் லாபமே என்று தெரிந்தது!

கருவிகள் பெருகிவிட்டன. என்றாலும் முதல் விதியை எந்தக் கருவியும் மாற்றிவிடவில்லை. மணி அடித்தால் கேட்க ஒருவர் வேண்டும். கேட்டதும் ஓடி வந்து செய்ய வேண்டியதைச் செய்ய ஒருவர் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால், "என்ன சாப்பிட்டீர்கள்? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?" என்று மயக்க டாக்டர் கேட்கும்போது, "ஒரு வாய் காபிதானே" என்று மறைக்காமல் உள்ளதைச் சொல்லிவிடுவது நம் கடமை. நாம் உறங்கும் நேரத்தில் விழித்திருப்பது அவர் கடமை.